டொக்குத்தரம்மாவின் வாயைத் திறந்து பார்த்த நாள்

என் வயதுக்காரர் நாலு பேர் ஒன்றாய் இருந்தால் கதை கடைசியில் பல்லில் வந்துதான் நிற்கும். ஒருவருக்குக் கட்டுப்பல் கழன்று பாயசத்துக்குள் விழுந்த கதை. இன்னொருவருக்கு முறுக்கைக் கண்டால் கண்ணீர் வருகிற கதை. நான் பேசாமல் இருந்து கேட்பேன். எனக்கு இன்னும் பதினேழு சொந்தப் பல் இருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைக்கும்தான் சொல்கிறேன். வேப்பங்குச்சியா, உமிக்கரியா, என்ன இரகசியம் என்று கேட்கிறீர்கள். அதெல்லாம் நீங்களும் போட்டுத் தேய்த்தவைதான். பல் பார்க்கிறவர்களிடம் போக எனக்குப் பயமில்லை, அவ்வளவுதான் இரகசியம். அந்தப் பயம் என்னை விட்டு எட்டு வயதில் போயிற்று. போவதற்கு முன் இருந்த பயத்தை மட்டும் கேட்காதீர்கள் என்றால், நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள். சொல்கிறேன்.

எங்களுடையது நெடுந்தீவு, யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு அப்பால், கடலுக்குள். வளவுக்கு வளவு கடற்கல்லை அடுக்கிய வேலி. சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை. கல்லின்மேல் கல் தானாக நிற்கும். ஐயா, அதாவது என் தகப்பன், மாடு வளர்த்தவர். ஒரு மாட்டின் வயதைக் கேட்டால் அவர் மாட்டின் உடம்பைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். பெருவிரலால் கீழ்ச்சொண்டை மடித்துவிட்டு, "ரெண்டு பல்லு" என்பார். "நாலு பல்லு" என்பார். பால்பல் எல்லாம் விழுந்து புதுப்பல் வரிசை நிரம்பிவிட்டால், "கடை சேர்ந்திட்டுது" என்பார். அதற்குப் பிறகு அந்த மாட்டுக்கு வயது இல்லை, கிழடு மட்டும்தான்.

எங்கள் பட்டியில் நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள நாகு ஒன்று நின்றது. கன்று போடாத இளம் பசுவை நாங்கள் நாகு என்போம். தாய் செத்த அன்றிலிருந்து நான் கஞ்சித்தண்ணி பருக்கி வளர்த்தது. என் பாவாடை நுனியைச் சப்பிச் சப்பி ஓட்டையாக்கி வைத்திருந்தது. அந்த வருடம் பங்குனி வெயிலில், கடல் எண்ணெய் ஊற்றியது போல் அசையாமல் கிடந்த ஒரு நாள், அக்கரையிலிருந்து மாட்டு யாவாரி ஒருவர் வள்ளத்தில் வந்தார். வந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. நேரே போய் என் நாகின் வாயைத் திறந்தார்.

"நாலு பல்லு," என்றார்.

பிறகு தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து விரித்தார். ஐயாவும் அவரும் துண்டுக்கு அடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வாய் திறக்காமல், விரலாலேயே கதைத்தார்கள். விலை பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்வார்கள் என்று எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்று பார்க்க ஏதோ மந்திரம் போல இருந்தது. துண்டை எடுத்தார்கள். நாகைத் துறைக்குக் கொண்டு போனார்கள். நாலு காலையும் கட்டி வள்ளத்துக்குள் சரித்தார்கள். அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தபடியே போயிற்று.

"அது நல்ல இடத்துக்குத்தான் போகுது," என்றார் ஐயா. அவ்வளவுதான் சொன்னார். நான் அழுதேனா இல்லையா என்று அவர் திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

தங்கச்சிக்கு அப்போது ஆறு வயது. நாகு போய் ஒரு மாதம் கழிந்திருக்கும், அவளுக்குப் பல்லுக்கொதி தொடங்கியது. கீழ்க் கடவாய்ப்பல். அம்மா கராம்பு வைத்தார், உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்தார், கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். ஒன்றுக்கும் கேட்கவில்லை. நாலாம் நாள் ஒரு பக்கக் கன்னச் சொக்கை வீங்கிக் கண்ணை மூடப் பார்த்தது. அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. போன வருடம் பக்கத்து வளவுப் பெரியவர் ஒருவர் அப்படி வீங்கித்தான் செத்தவர். அவர் செத்தது சோழகக் காற்றுக் காலம். கடல் எழும்பி நின்றது, வள்ளம் எதுவும் ஓடவில்லை. இப்போதும் சோழகம் வரக் கனநாள் இல்லை என்று எல்லாரும் மேற்கே பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள்.

அந்த வேளையில்தான் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் பிள்ளைகளை எல்லாம் முற்றத்தில் கூட்டிவைத்துச் சொன்னார்.

"நாளையிண்டைக்கு அக்கரையிலை இருந்து பல்லு டொக்குத்தர் வாறார். எல்லாற்றை பல்லும் பாப்பினம். ஒருத்தரும் ஒளிக்கேலாது. பழுதான ஆக்களை வள்ளத்திலை ஏத்திக் கொண்டுபோய்ப் பட்டினத்திலை வைச்சிருப்பினம். விளங்கிச்சோ?"

எனக்கு நன்றாக விளங்கியது. அக்கரையிலிருந்து ஒருவர் வருவார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பிறகு வள்ளம்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கினேன். எங்கள் ஊரில் மாடு விற்காத வீடு இல்லை, எல்லாரும் கண்டிருக்கிறார்கள். ஒருவர்கூட "போடி, பொய்" என்று சொல்லவில்லை. "துண்டு கொண்டு வாறாரோ எண்டு பாப்பம்," என்றாள் என்னோடு படித்த ஒருத்தி. "துண்டு இருந்தா உண்மை."

டொக்குத்தர் வந்த அன்று நாங்கள் கூட்டமாய்த் துறைக்குப் போனோம். வள்ளத்திலிருந்து இறங்கியது ஒரு பெண். அதிலேயே எங்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கி நடந்து வந்தார். கடலில் ஓங்காளித்துச் சத்தி எடுத்திருக்க வேண்டும், முகம் வெளிறிக் கிடந்தது. ஆனாலும் நிமிர்ந்து நடந்தார். இடது கையில் மணிக்கூடு கட்டியிருந்தார். ஒரு பெண்ணின் கையில் மணிக்கூட்டை நான் அன்றுதான் கண்டேன். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு இரும்புக் கதிரையைச் சுமந்து வந்தார்கள். கையும் காலும் மடிகிற கதிரை. தலை வைக்க மேலே ஒரு சிறிய மெத்தை. சாமி வாகனத்தைக் கொண்டு வருவது போல மெல்ல மெல்லக் கொண்டு வந்தார்கள். பிறகு தையல் மெசின் மாதிரிக் காலால் மிதிக்கிற ஒரு சாமான் வந்தது. பிறகு பூட்டுப் போட்ட ஒரு பெட்டி.

அந்தப் பெட்டிக்கு மேல், நாலாய் மடித்து, வெள்ளை வெளேரென்று, துண்டு.

என்னோடு படித்தவள் என் கையைக் கிள்ளினாள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளைகூடப் போகவில்லை.

பெரியவர்கள் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பெரிய வாத்தியார் பிரம்போடு சந்து சந்தாய், ஒழுங்கை ஒழுங்கையாய்த் திரிந்தார். ஒரு தாய் பனங்கட்டியைக் காட்டிக் கூப்பிட்டாள். "நோகாதடா மோனை, எறும்பு கடிச்ச மாதிரித்தான்," என்றாள் இன்னொருத்தி, பனையில் ஏறி இருந்த மகனை அண்ணாந்து பார்த்து. எல்லாரும் நோகாது, நோகாது என்றே சொன்னார்கள். நோவைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. முள்ளுக் குத்தி, கல்லுக் கிழித்து, மாடு இடித்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். எதற்கடி ஓடுகிறாய் என்று ஒரு வாய் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒருவரும் கேட்கவில்லை. பெரியவர்களுக்குப் பதில் முன்னமே தெரிந்திருந்தது.

அம்மா எழும்பும் முன்னே நான் தங்கச்சியைக் கொண்டுபோய்ப் பழைய குதிரை லாயத்துக்குள் ஒளித்து வைத்தேன். ஒல்லாந்தர் காலத்துக் கட்டிடம். கூரை இல்லை, தூண் மட்டும் நின்றது. தூண்களுக்கு நடுவே ஒரு மூலையில் நிழல் இருந்தது. காலையில் கொண்டு வந்த தண்ணீர்ச் செம்பை அவளின் வாயில் வைத்தால், குடிக்க ஏலாமல் தண்ணீர் கழுத்தில் வழிந்தது. உடம்பு அடுப்புக்கல் போலச் சுட்டது. "அக்கா, வீட்டை போவமே?" என்று இரண்டு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போனால் பல்லைப் பார்ப்பார்கள். இங்கே இருந்தால் எனக்குப் பக்கத்திலாவது இருப்பாள் என்று நினைத்தேன். எட்டு வயது மூளை அவ்வளவுதான். அவள் செத்துவிடுவாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

உச்சி வெயிலில் ஐயா எங்களைக் கண்டுபிடித்தார். மாட்டைத் தேடுகிறவருக்குப் பிள்ளையின் காலடி தெரியாதா. அவர் தனியே வரவில்லை. கூடவே டொக்குத்தரம்மா, காலில் புழுதியோடு, மணிக்கூடு வெயிலில் மின்ன, கல்லுக்கு மேலால் ஏறி இறங்கி வந்தார். துண்டும் தோளில் இருந்தது. நான் ஒரு பூவரசந் தடியை எடுத்துக்கொண்டு தங்கச்சிக்கு முன்னால் நின்றேன்.

"எடி விசரி! பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது. தள்ளடி அங்காலை!" என்று ஐயா சத்தம் போட்டார்.

"அவளுக்கு வயசு ஆறு," என்றேன் நான், டொக்குத்தரம்மாவைப் பார்த்து. "எங்களுக்குத் தெரியும். நீங்கள் பல்லுப் பாக்கத் தேவையில்லை."

ஐயா அடிக்கக் கையை ஓங்கினார். டொக்குத்தரம்மா அவரை ஒரு விரலால் நிறுத்தினார். எங்கள் ஐயாவை ஒரு விரலால் நிறுத்திய முதல் மனுசி அவர்தான்.

"வயசு பாக்கவோ பல்லைப் பாக்கிறது, பிள்ளை?"

"ஓம். பாத்துப்போட்டு வள்ளத்திலை ஏத்திறதுக்கு. நாங்கள் இவளை விக்கிறேல்லை."

ஐயாவுக்குச் சிரிப்பு வெடித்தது. "கேட்டியளே டொக்குத்தரம்மா! உங்களை மாட்டு யாவாரி ஆக்கிப்போட்டாள்!"

டொக்குத்தரம்மா சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் கல்லில் குந்தினார். அவரின் முகம் என் முகத்துக்கு நேராக வந்தது.

"எந்த மாடு போனது?"

"என்ரை நாகு."

"பல்லைப் பாத்தவையோ?"

"நாலு பல்லு எண்டவர். பேந்து துண்டு விரிச்சவர். உங்களிட்டையும் துண்டு இருக்கு. நான் துறையிலை கண்டனான்."

ஐயாவின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. அவர் கையைக் கீழே போட்டுவிட்டு, எங்கேயோ கடல் பக்கம் பார்த்தார்.

"அப்ப உமக்கு ஊசிக்குப் பயமில்லையோ?" என்று கேட்டார் டொக்குத்தரம்மா.

"இல்லை."

"குறட்டுக்கு?"

"ஐயாட்டையும் குறடு கிடக்கு."

டொக்குத்தரம்மா தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையில் தந்தார். "இது இனி உம்மட்டை இருக்கட்டும். முதல் நீர் என்ரை பல்லைப் பாரும். பாத்துப்போட்டு, நான் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு நீரே சொல்லும்." சொல்லிவிட்டு, அந்த உச்சி வெயிலுக்கு முகத்தைக் காட்டி வாயைத் திறந்தார்.

தடியை எப்போது கீழே போட்டேன் என்று தெரியாது. ஐயா செய்வது போலவே பெருவிரலால் கீழ்ச்சொண்டை மடித்தேன். அவர் விட்டார். பையிலிருந்து நீளப் பிடி போட்ட ஒரு சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்து என் கையில் தந்து, அதை வெயிலில் எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். கண்ணாடி சூரியனைப் பிடித்து வாய்க்குள் எறிந்தது.

உங்களில் எத்தனை பேர் ஒரு பெரிய மனுசியின் வாய்க்குள் சூரியனை விட்டுப் பார்த்திருக்கிறீர்கள்? வாய் என்பது சோறு போகிற ஓட்டை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். உள்ளே ஒரு கோயில் மண்டபம் இருந்தது. மேல் அண்ணம் கடல் வற்றிய மணல் போல வரிவரியாய்க் கிடந்தது. தொண்டை வாசலில் ஒரு சின்ன மணி தொங்கி ஆடியது. பின்பல் இரண்டில் வெள்ளி வார்த்திருந்தது. கண்ணாடியை அசைக்க அது மின்னியது. ஒரு பக்கம் ஒரு பல்லே இல்லை. அந்த இடம் வழுவழுவென்று ஆறிக் கிடந்தது. இவ்வளவையும் வாய்க்குள் வைத்துக்கொண்டா ஒரு மனுசர் சும்மா கதைத்துக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் திரிகிறார் என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. அவர் ஏதோ சொல்ல வந்தார். "கதைக்காதையுங்கோ," என்றேன். பேசாமல் வாயை இன்னும் அகலத் திறந்தார்.

"என்ன பல்லு?" என்று பின்னால் கேட்டது ஐயாவின் குரல். மாடு பார்க்கும்போது கேட்கிற குரல்தான், ஆனால் மெதுவாக.

"கடை சேர்ந்திட்டுது. ஒண்டு இல்லை. ரெண்டிலை வெள்ளி."

"வாங்குவமோ?"

"வயசு போட்டுது," என்றேன் நான். "ஆனா சாது. உதையாது."

டொக்குத்தரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். எண்ணிப் பார்த்தால் அவருக்கு அன்று முப்பது வயதுகூட இராது.

பிறகு தங்கச்சியும் பார்க்க வேண்டும் என்றாள். எழும்ப ஏலாமல் கிடந்தவள்தான், கையை ஊன்றி எழும்பினாள். அவளும் பார்த்தாள். வெள்ளியைத் தொட்டுப் பார்த்தாள். பார்த்து முடிய, யாரும் கேட்காமல், தன் வாயைத் தானே திறந்தாள். திறந்ததும் வந்த நாற்றத்தை நான் சொல்லப் போவதில்லை. டொக்குத்தரம்மாவின் முகம் மாறவில்லை. ஐயாவைப் பார்த்து, "தூக்குங்கோ, கெதியா," என்று மட்டும் சொன்னார்.

பள்ளிக்கூடத்துப் பூவரசுக்குக் கீழே இரும்புக் கதிரை நின்றது. அம்மா ஓடி வந்தார். துண்டைத் தங்கச்சியின் நெஞ்சில் நான்தான் விரித்தேன். என் கையால் விரித்தால்தான் படுப்பேன் என்று அவள் சொல்லிவிட்டாள். டொக்குத்தரம்மா ஒவ்வொரு சாமானையும் எடுத்து முதலில் எங்களுக்குக் காட்டினார், பிறகுதான் வாய்க்குள் வைத்தார். ஊசியையும் காட்டினார்.

"இது எறும்பு மாதிரி எண்டு சொல்லமாட்டன். குளவி மாதிரிக் குத்தும். பத்து எண்ணுறதுக்குள்ளை முடிஞ்சிடும். அக்கா எண்ணட்டும்."

அன்று முழுக்க உண்மை சொன்ன ஒரே பெரிய ஆள் அவர். நான் எண்ணினேன். ஏழிலேயே முடிந்துவிட்டது, ஆனாலும் பத்து வரை எண்ணினேன், சொன்ன சொல்லுக்காக. சொக்கை விறைக்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு குறடு உள்ளே போனது. ஒரு சின்னச் சத்தம் கேட்டது, பனங்கிழங்கு முறிப்பது போல. தங்கச்சி ஒரு தரம் "ஊம்" என்றாள். பல் வெளியே வந்தது. அதற்குப் பின்னால் சீழ் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. அம்மா கிண்ணத்தைப் பிடித்தபடி அழுதார். பொழுது சாயும்போது அவளின் சூடு தணிந்து, மூடிய கண் பாதி திறந்தது. அன்று இரவு கஞ்சி குடித்தாள்.

மரத்துக்குப் பின்னாலும் மதிலுக்குப் பின்னாலும் நின்று பார்த்த பிள்ளைகள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தார்கள். ஆனால் ஒரு பிள்ளையும் நேரே கதிரையில் ஏறவில்லை. முதலில் டொக்குத்தரம்மாவின் பல்லைப் பார்க்க வேண்டும். அதற்குத் தனி வரிசை! அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் குந்தி இருந்து வாயைத் திறந்தார். ஒவ்வொரு பிள்ளையும் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கடை சேர்ந்திட்டுது," என்று தீர்ப்புச் சொல்லித்தான் கதிரையில் ஏறியது. பின்னேரத்தில் அவரின் தாடை அலகு நொந்திருக்க வேண்டும், கையால் தடவிக்கொண்டே தேத்தண்ணி குடித்தார். கடைசிப் பிள்ளையும் போனபிறகு பெரிய வாத்தியார் அங்கும் இங்கும் பார்த்துவிட்டுக் கிட்டப் போய்க் குனிந்தார்.

"என்ன மாஸ்டர்?" என்றார் டொக்குத்தரம்மா.

"ஒண்டுமில்லை. அந்த வெள்ளி... எல்லாரும் சொல்லீனம்..."

அவருக்கும் வாயைத் திறந்து காட்டினார்.

அதற்குப் பிறகு ஐயா மாட்டு யாவாரியை எங்கள் வளவுக்குள் விட்டதில்லை. பேச்சு எல்லாம் துறையடியில்தான். மாடு போகும்போது நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்போம். அதுவும் சரியோ தெரியாது. திரும்பி வந்து வெறும் கயிற்றைப் பார்ப்பதும் ஒரு மாதிரித்தான். ஆனால் அவருக்குத் தெரிந்தது அதுதான், அதைச் செய்தார்.

டொக்குத்தரம்மா போகிற அன்று மேற்கே கடல் கறுத்துவிட்டது. இன்னும் ஒரு நாள் நின்றால் சோழகம் விடாது என்று வள்ளக்காரர் அவசரப்படுத்தினார். ஊரே துறையில் நின்றது. பெட்டி ஏறியது, மிதிக்கிற சாமான் ஏறியது, கதிரை ஏறியது. டொக்குத்தரம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். வள்ளத்தில் ஏறி நின்று திரும்பினார். கை காட்டவில்லை, எங்களைப் பார்த்து வாயை அகலத் திறந்து காட்டினார். பிள்ளைகள் எல்லாரும் கத்திச் சிரித்தார்கள். வெள்ளி ஒரு தரம் மின்னியது.

தங்கச்சி வாயில் பஞ்சு இல்லாமல், சொக்கை வற்றி, பழைய முகத்தோடு எனக்குப் பக்கத்தில் நின்றாள். என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, நானும் அவவோடை வள்ளத்திலை போகட்டே?"

நான் அவளின் கையை இரண்டு கையாலும் பிடித்தேன். வள்ளம் புள்ளியாகி, புள்ளியும் மறைந்து, சனம் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, அம்மா வந்து என் விரல்களை ஒவ்வொன்றாய்க் கழற்றித்தான் அவளை எடுத்தார்.